முடிச்சூர் வண்டி ஏன் ஆயில் குடித்தது

1. ஏழு டப்பா

தணிகாசலம் ஐயா கோணிப்பையை என் மேசை மேல் கவிழ்த்தார். ஏழு காலி ஆயில் டப்பாக்கள் உருண்டன. ஒன்று என் டீயைத் தட்டிவிட்டது. இன்னொன்று தரையில் விழுந்து, புது வண்டி டெலிவரி எடுக்க மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றிருந்த ஒரு குடும்பத்தின் காலடிவரை போய் நின்றது. அந்த வீட்டு அம்மா குனிந்து டப்பாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“இன்னாமா இது?” என்றார் ஐயா. “நான் வண்டி வாங்குனேனா, ஆயில் கடை வெச்சுக்கினேனா? மூணு மாசத்துல ஏழு டப்பா. டீசல் வண்டின்னு சொல்லித்தானே வித்தீங்க? இது டீசலும் குடிக்குது, ஆயிலும் குடிக்குது. நாளைக்கு பிரியாணி கேக்குமா?”

முதலில் என்னைப் பற்றி. என் பெயர் ஸ்டெல்லா. தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கஸ்டமர் திட்டுவதை டெக்னீஷியனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், டெக்னீஷியன் திட்டுவதைக் கஸ்டமருக்குப் புரியாதபடி சொல்ல வேண்டும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

தணிகாசலம் ஐயாவுக்கு முடிச்சூர். பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது பிளாட்டுகள் விளைகின்றன. ஊர்க்கோவில் கமிட்டியில் அவர்தான் தலைவர். புது மாடல் டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றை எங்களிடம் வாங்கியிருந்தார். மலை ஏறுகிற வண்டி. அவர் அதில் ஏறிய ஒரே மலை திருநீர்மலை, அதுவும் அடிவாரம்வரைதான்.

“பர்ஸ்ட் சர்வீஸ் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கலம்மா. உங்க ஆளு கை வெச்சான் பாரு, அன்னைலருந்து குடிக்குது. யாரு அவன்? கூப்புடு.”

அவன் பெயர் பாஸ்கர். பதினான்கு வருஷமாக எங்களிடம் டெக்னீஷியன். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவான். ஆயில் ஊற்றுவதில் அவனுக்கு இருந்த கர்வம் பாட்டுக்காரர்களுக்குக்கூட இருக்காது. டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கிற அந்தக் குச்சியை, மூன்று முறை துடைத்து மூன்று முறை முக்கிப் பார்ப்பான். பிறகு ஒரு பெருமூச்சு விடுவான். அதற்குப் பிறகுதான் பானெட்டை மூடுவான்.

“சார், கல்யாண வூட்ல சாம்பார் ஊத்துறவன்கூட கை தவறி ஊத்துவான். நான் ஊத்த மாட்டேன்” என்றான் ஐயாவிடம்.

“அப்ப என் ஆயில் எங்க போச்சு?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

இது தப்பான பதில். எங்கள் தொழிலில் “புரியல” என்று கஸ்டமர் முன்னால் சொல்லவே கூடாது. “செக் பண்றோம் சார்” என்று சொல்ல வேண்டும். அர்த்தம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

2. வாய்க்குப் பூட்டு

டர்போ டீசல் இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அது இயல்பு. பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் எரியும், டர்போ வழியாகக் கொஞ்சம் கசியும், ப்ரீதர் என்கிற மூச்சுக்குழாய் வழியாகக் கொஞ்சம் ஆவியாகப் போகும். வண்டியோடு கொடுக்கிற புத்தகத்திலேயே அதை அச்சடித்திருப்பார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்த கஸ்டமரை நான் பார்த்ததில்லை. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் உறை கிழியாமல் அது இருக்கும், பக்கத்தில் சாமி படம் இருக்கும்.

ஆனால் மூன்று மாதத்தில் ஏழு டப்பா, அதாவது ஏழு லிட்டர், இயல்பு இல்லை. அதற்கு ஒரு டெஸ்ட் உண்டு. பழைய ஆயிலை முழுக்க வடித்து, அளக்காமலே பீப்பாயில் கொட்டிவிட்டு, புது ஆயிலை அளந்து ஊற்றுவோம். இந்த வண்டிக்கு ஆறரை லிட்டர். பிறகு டிப்ஸ்டிக் மேலும், ஆயில் ஊற்றுகிற மூடி மேலும் சீல் ஸ்டிக்கர் ஒட்டி, டெக்னீஷியன் அதில் கையெழுத்துப் போடுவார். கஸ்டமர் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். அதுவரை யாரும் ஆயில் பார்க்கக் கூடாது, ஊற்றக் கூடாது. திரும்பி வந்ததும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளப்போம்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் வரதன் சார், பாஸ்கரையும் என்னையும் கேபினுக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் கஸ்டமர் குரல் உயர்ந்தால் உடனே யாரையாவது கைகாட்டிவிடுவார்.

“லுக், ரொம்ப சிம்பிள். டெஸ்ட்ல ஆயில் குறைஞ்சா இன்ஜின் ப்ராப்ளம். கம்பெனி பாத்துக்கும். குறையலன்னா நம்ம வேலைல ப்ராப்ளம், சரியா ஊத்தாம அனுப்பியிருக்கோம். பர்ஸ்ட் சர்வீஸ் பண்ணது பாஸ்கர். கஸ்டமர் வேற கோவில் கமிட்டித் தலைவர், ஏரியா பூரா சொல்லிட்டு வராரு. அப்படி ஆச்சுன்னா பாஸ்கர், ஐ ஆம் ஸாரி, நீங்க வேற இடம் பாத்துக்கணும்.”

வெளியே வந்ததும் பாஸ்கர் கை துடைக்கிற பஞ்சை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

“பொண்ணு பத்தாவது மேடம். இந்த நேரத்துல போய் இன்னா பேஜாரு இது” என்றான்.

எனக்கு அவன் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் சந்தேகம் இல்லை என்பதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? எங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. நான் பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை.

ஐயா வண்டியை எடுக்க வந்தபோது சீலைக் காட்டிச் சொன்னேன். “ஐயா, பானெட்டைத் திறக்கவே கூடாது.”

“ஆத்தா மேல சத்தியம்மா. தொடவே மாட்டேன்” என்றார்.

3. கேடயம்

மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே ஓடியிருந்தது. பின்னால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு வந்தது. கொசு மருந்து வண்டி என்று நினைத்து வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பானெட்டைத் திறந்தோம். இரண்டு சீலும் இருந்த இடத்தில் இருந்தன. ஆனால் இரண்டின் மேலும் தாராளமாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பொட்டை அழிக்க வேண்டும்.

வரதன் சார் என்னைப் பார்த்தார். நான் பாஸ்கரைப் பார்த்தேன்.

“வெள்ளிக்கிழமை மேடம்” என்றான் பாஸ்கர்.

“நான் அழிச்சா நல்லா இருக்குமா சார்? என் பேரு ஸ்டெல்லா” என்றேன்.

ஐயா பின்னால் கைகட்டி நின்றிருந்தார். வரதன் சார் ஒரு முறை குனிந்து, ஓரங்களை மட்டும் பார்த்து, “சீல் ஓகே” என்று எழுதிக்கொண்டார். மூன்று பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பொட்டை அழிக்க ஆள் இல்லை. இந்தத் தப்பு வேறு எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் நடந்திருக்காது.

பாஸ்கர் டிப்ஸ்டிக் சீலைப் பிரித்தான். ஒரே இழுப்பில் முழுசாக வந்தது. எனக்கு அங்கேயே இடித்தது. எங்கள் சீல் அப்படி வராது. தூள் தூளாகக் கிழிந்து, நகத்துக்குள் புகுந்துகொண்டுதான் வரும். அந்த ஸ்டிக்கரை வாங்கி என் ஃபைலில் வைத்துக்கொண்டேன். அதற்குள் பாஸ்கர் குச்சியைத் துடைத்து முக்கிப் பார்த்தான். மறுபடி துடைத்து, மறுபடி முக்கினான். மூன்றாவது முறை அவன் முகம் வெளுத்துவிட்டது.

ஆயில் குறையவில்லை. ஃபுல் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு ஏறியிருந்தது.

“குடிக்குதுன்னு சொன்னீங்க. இது வாந்தி எடுக்கும்போல இருக்கே” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். நல்லவேளை ஐயாவுக்குக் கேட்கவில்லை.

“ஸ்மோக் எப்படி வருதுன்னு பாக்கலாம். ஸ்டெல்லா, ஸ்டார்ட் பண்ணி ஒரு ரேஸ் குடுங்க” என்றார் வரதன் சார்.

“வேணாம் சார். இவ்ளோ ஆயிலோட ரேஸ் குடுக்கக் கூடாது. முதல்ல வடிச்சிடலாம்” என்றான் பாஸ்கர்.

“ஓட்டிட்டுதானே வந்தாரு? ஒரே ஒரு ரேஸ்.”

நான்தான் டிரைவர் சீட்டில் ஏறினேன். ஒரு ரேஸ் கொடுத்துக் காலை எடுத்தேன். இன்ஜின் அடங்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பி, உருவி, கையில் எடுத்துவிட்டேன். சாவி என் கையில் இருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி பூராவும் நடுங்கியது. ஒர்க்‌ஷாப் முழுக்கப் புகை. எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்தவர்கள் பாதி டீயோடு ரோட்டுக்கு ஓடினார்கள்.

அது என்ன என்று பிறகு பாஸ்கர் சொன்னான். ஆயில் அளவுக்கு மேல் இருந்தால், ப்ரீதர் வழியாகப் பொங்கிக் காற்றுக்குழாய்க்குள் போய்விடும். இன்ஜின் அந்த ஆயிலையே டீசலாக நினைத்து எரிக்க ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு சாவிக்கு மரியாதை கிடையாது. காற்று உள்ளே போகாமல் அடைத்தால்தான் நிற்கும்.

“மேடம், பலகை ஏதாவது குடுங்க. சீக்கிரம்” என்று கத்தினான் பாஸ்கர். அதற்குள் ஏர் ஃபில்டர் குழாயைப் பிடுங்கிவிட்டிருந்தான்.

கீழே குதித்தேன். புகையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே பலகை, சுவரில் மாட்டியிருந்த தேக்குக் கேடயம். சிறந்த வாடிக்கையாளர் சேவைக்காக எங்கள் கிளைக்குக் கொடுத்தது. வரதன் சார் தினமும் காலையில் தன் கர்சீப்பால் துடைப்பது.

“ஸ்டெல்லா, அது வேண்டாம்” என்று புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆணியோடு பிடுங்கிக் கொடுத்தேன்.

பாஸ்கர் அதைக் குழாய் வாயில் வைத்து அழுத்தினான். இன்ஜின் கேடயத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை விக்கி, நின்றது. அதற்குப் பிறகு இருந்த அமைதியில் டீக்கடை ரேடியோ கேட்டது. கேடயம் நடுவில் பிளந்திருந்தது, அதன் முகத்தில் வட்டமாக ஒரு ஆயில் முத்திரை விழுந்திருந்தது. வரதன் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பாஸ்கர் இன்டர்கூலர் குழாயைக் கழற்றினான். காற்று மட்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு பேசின் நிறைய ஆயில் கொட்டியது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்பிலிருந்து வடித்து அளந்தால் ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

“நான் தொடவே இல்ல. ஆத்தா மேல சத்தியமா பானெட்டையே தொறக்கல” என்றார் ஐயா. அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

வரதன் சார் கேடயத்தைக் கட்டிப் பிடித்தபடியே சொன்னார். “சீல் ஓகே. கஸ்டமர் தொடல. ஸோ, சீல் பண்றதுக்கு முன்னாடியே யாரோ ஒன்பது லிட்டர் ஊத்தியிருக்காங்க. பாஸ்கர், நாளைக்கு ஈவினிங்க்குள்ள லெட்டர் குடுத்துடுங்க.”

“ஆறரைதான் சார் ஊத்துனேன்” என்றான் பாஸ்கர்.

4. தூக்கிய வீடு

வீட்டுக்குப் போய் அந்த ஸ்டிக்கரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் எங்கள் கோந்து இல்லை. வெள்ளையாக, காய்ந்துபோன ஏதோ ஒன்று. சுரண்டி முகர்ந்தேன். மைதா மாவு.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முடிச்சூருக்குப் போனேன். இன்டர்கூலர் சுத்தம் செய்ய ஐயாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்பது சாக்கு.

அந்தத் தெருவில் வீடுகள் ஆளுக்கொரு உயரத்தில் இருந்தன. வெள்ளம் வந்து போன பிறகு, இடித்துக் கட்ட வசதி இல்லாதவர்கள் மண்ணைக் கொட்டி வாசலை உயர்த்தினார்கள். வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். ஐயா வீடு தூக்கிய வீடு. நான்கடி மேலே போயிருந்தது. ஆனால் கேட் அதே இடத்தில், ரோட்டை ஒட்டி. அதனால் கேட்டிலிருந்து போர்ட்டிகோவரை செங்குத்தாக ஒரு சிமெண்ட் ரேம்ப். அதில் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, காலிங் பெல்லை அழுத்தினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஸ்கூட்டர் ரோட்டில் படுத்திருந்தது.

“அங்க நிறுத்தாதம்மா. அங்க வெச்சா எல்லாம் கீழ வந்துடும்” என்றபடி ஐயாவின் மனைவி சரோஜாம்மா வந்தார். “தண்ணி கேன், தேங்கா, எங்க வூட்டுக்காரரு, எல்லாம் ஒருவாட்டி உருண்டாச்சு. வண்டி மட்டும்தான் நிக்குது, அதுவும் கல்லு வெச்சா. அவரு கோவிலுக்குப் போயிருக்காரு. உள்ள வா, காபி குடி.”

“வண்டி எப்படிம்மா நிக்கும்?”

“மூஞ்சி வூட்டு வாசலப் பாத்து, மேல தூக்கிக்கினு நிக்கும். வூட்டைத் தூக்குனதுலருந்து அப்படித்தான். உங்ககிட்ட முதல் சர்வீஸு விட்டோமே, அந்த வாரம்தான் ரேம்ப் போட்டாங்க.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் சாய்ந்த டம்ளரில் காபி ஒரு பக்கம் ஒதுங்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த வண்டிக்கு டிப்ஸ்டிக் இன்ஜினின் முன்பக்கத்தில் இருக்கிறது. மூக்கைத் தூக்கி நிறுத்தினால் ஆயில் எல்லாம் பின்னால் போய்விடும். குச்சியில் என்ன ஒட்டும்?

சரோஜாம்மா கவலையோடு கேட்டார். “வண்டிக்கு ஆயில் ஊத்துனீங்களா, இல்ல இன்னும் பட்டினிதானா?”

“பட்டினியா?”

“பின்ன? வாயத் தைச்சு அனுப்பிட்டீங்க. காலைல கோலம் போட்டுட்டு தினமும் பாப்பேன். குச்சி முனையிலகூட ஆயில் இல்லம்மா. அது வாயத் தொறந்து கேக்குமா? மனசு கேக்கல. கொதிக்கிற கெண்டியக் கொண்டாந்து ஆவி காட்டி அந்த ரெண்டு சீட்டையும் பிரிச்சேன். ஊத்துனேன். மைதா காய்ச்சி திருப்பி ஒட்டிட்டேன். ஓரம் லேசா பிரிஞ்சுகினு தெரிஞ்சுது, அதான் சந்தனம் வெச்சேன்.”

“அதுக்கு முன்னாடியும் ஊத்துவீங்களா?”

“ஆமா. அவரும் ஊத்துவாரு. ஏழு டப்பா அவரோடது. என்னுது தனி, சீட்டு ஒட்டுனதுக்கு அப்புறம் மட்டும் நாலு டப்பா. அவருக்குத் தெரியாது.” திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லிடாதம்மா.”

அப்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் சிரிக்கலாம் என்று இருந்தேன், அடக்கிக்கொண்டேன்.

“முப்பது வருஷம் முன்னாடி எங்ககிட்ட டிராக்டர் இருந்துச்சு. காலைல ஆயில் பாக்குறது என் வேலை. ஒருநாள் நடவு நேரம். பாத்தேன். ஃபுல்லா இருந்துச்சு. சத்தியமா ஃபுல்லா இருந்துச்சும்மா. மத்தியானம் இன்ஜின் இறுகி நின்னுபோச்சு. தொறந்தா ஆயிலே இல்ல. பாக்காமயே பாத்தேன்னு பொய் சொல்றேன்னு ஊரக் கூட்டித் திட்டுனாரு. இன்னைக்கு வரைக்கும் சம்பந்தி வூட்ல, கல்யாணத்துல, எங்க போனாலும் ‘டிராக்டரைக் கொன்னவ’ன்னுதான் என்னைச் சொல்லுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க. அதுலருந்து எந்த வண்டியும் நம்ம வூட்ல ஆயில் இல்லாம நிக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு இது. இப்ப இதுவும் என்னாலதான்னு தெரிஞ்சா அவ்ளோதான்.”

“அம்மா, நான் சொல்லலன்னா சாயங்காலம் ஒருத்தருக்கு வேலை போயிடும். அந்தச் சீல் ஒட்டினவருக்கு” என்றேன்.

என் கையை விட்டார்.

“யாரு, வண்டி எடுக்க வந்தப்ப என்னைய உட்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்துச்சே, அந்தப் புள்ளையா?”

“அவர்தான்.”

சரோஜாம்மா எழுந்து உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். “நீ சொல்ல வேணாம். நானே வந்து சொல்றேன். உன் வண்டிய எடு” என்றார். எடுத்தேன். முன் விளக்கு உடைந்திருந்தது.

5. சமதளம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயா கோவிலிலிருந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார். வரதன் சார் கேபினில் பாஸ்கர் கையில் மடித்த வெள்ளைத் தாளோடு நின்றிருந்தான். சரோஜாம்மா யாரையும் உட்காரக்கூட விடவில்லை.

“அந்த லெட்டரை வாங்காதீங்க. நான்தான் ஊத்துனேன்” என்றார்.

ஆவி, மைதா, சந்தனம், நான்கு டப்பா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். ஐயா வாயைத் திறந்தவர் மூடவில்லை. பாஸ்கர் முழுசாகக் கேட்டுவிட்டு, “ரேம்ப்ல மூக்கு மேலயாம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பிறகு டெஸ்ட் டிரைவ் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அதுவும் அதே மாடல். முதலில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்துக் குச்சியைக் காட்டினான். ஃபுல். பிறகு வாட்டர் வாஷ் மேடையின் சரிவில் மூக்கைத் தூக்கி நிறுத்தி, பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி காட்டினான். குச்சி காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை, எடுக்கவும் இல்லை.

“வண்டி ஆயிலே குடிக்கல சார். நீங்க ரெண்டு பேரும் ஊட்டி விட்டிருக்கீங்க. மூச்சு முட்டி அது புகையா விட்டிருக்கு” என்றான். பதினான்கு வருஷத்தில் அவன் அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை.

வரதன் சார் பாஸ்கர் கையிலிருந்த தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். “ஸாரி பாஸ்கர்” என்றார். அந்தக் கேடயத்தைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஐயாவுக்குக் கூட்டத்தின் நடுவில் தன் ஏழு டப்பாவை மறைக்க இடம் தேவைப்பட்டது. திரும்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா இவள? அன்னைக்கு ஆயில் இல்லாம டிராக்டரைக் கொன்னா. இன்னைக்கு ஆயில ஊத்தியே இதக் கொல்லப் பாத்தா.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். சரோஜாம்மா சிரிக்கவில்லை. குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, மூக்கு மேல இருந்தா இல்லன்னு காட்டுது. மூக்கு கீழ இருந்தா?”

“குச்சி முன்பக்கமா இருந்தா ஆயிலெல்லாம் முன்னாடி வந்துடும்மா. கொஞ்சம் இருந்தாலும் ஃபுல்லுன்னு காட்டும்.”

“எங்க டிராக்டருக்கும் குச்சி முன்னாடிதான்” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “பேட்டரி வீக்கு, தள்ளி ஸ்டார்ட் பண்ண சுலுவா இருக்கும்னு ராவானா ஏரிக்கரை எறக்கத்துல நிறுத்துவியே. மூக்கு எந்தப் பக்கம்?”

ஐயா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “வா, வூட்டுக்குப் போலாம்.”

“மூக்கு எந்தப் பக்கம்?”

வாட்டர் வாஷ் பையன்கள் பம்ப்பை நிறுத்திவிட்டார்கள்.

“கீழதான்” என்றார் ஐயா.

“நிறுத்துனது யாரு?”

“நான்தான்.”

சரோஜாம்மா குச்சியை வாங்கித் துடைத்து, பாஸ்கரிடம் திருப்பிக் கொடுத்தார்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வண்டி ஆயில் குடிக்கிறது என்று கஸ்டமர் சொன்னால், இன்ஜினைத் திறப்பதற்கு முன்னால் அது எங்கே, எப்படி நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். சீல் மேல் பொட்டு இருந்தால், சாமியைக் கும்பிட்டுவிட்டு அழித்துப் பாருங்கள். ஒரு ஆளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால், பார்த்தவர் யார் என்பதோடு நிறுத்தியவர் யார் என்றும் கேளுங்கள்.

வண்டி சரியாகி, ஆறரை லிட்டர் ஊற்றி, இரண்டு நாள் கழித்து டெலிவரிக்கு நின்றது. இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஜாப் கார்டை மூட வேண்டுமானால் கஸ்டமர் கருத்து என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். எல்லோரும் “திருப்தி” என்று போட்டுவிட்டுப் போவார்கள். என்ன போடட்டும் என்று கேட்டேன். ஐயா வாயைத் திறப்பதற்குள் சரோஜாம்மா சொன்னார்.

“எழுதும்மா. டிராக்டர் என்னால சாகல.”

வரதன் சார் எட்டிப் பார்த்தார். “மேடம், டிராக்டர் நம்ம ப்ராடக்ட் இல்லையே.”

“எழுதும்மா.”

டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து நீட்டினேன். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஐயா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்தார். மனைவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டார்.

“கீழ தேதியும் போடு” என்றார் சரோஜாம்மா.

போட்டார்.